ராமேஸ்வரத்தில் நள்ளிரவு, தென் துருவத்தில் சிக்கிய நியூட்ரினோ: 43 விநாடியில் உலகத் தொலைநோக்கிகள் உஷாரானது எப்படி?

2017 செப்டம்பர் 23, அதிகாலை 2 மணி 24 நிமிடம். ராமேஸ்வரம் தீவில் ஊர் அடங்கிக் கிடந்த நேரம். அமாவாசை முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்ததால் வானத்தில் நிலவு இல்லை.

அதே நேரத்தில் தென் துருவத்தில், பனிப்பாறைக்குள் ஒன்றரை கிலோமீட்டருக்கும் கீழே புதைக்கப்பட்டிருந்த கருவிகளில் ஒரு மெல்லிய நீல ஒளி பதிவானது. விண்வெளியின் எங்கோ ஒரு மூலையிலிருந்து வந்த நியூட்ரினோ ஒன்று பனிக்கட்டியில் மோதியதன் அடையாளம் அது. 43 விநாடிகளில் உலகம் முழுவதும் இருக்கும் வானியல் ஆய்வு மையங்களுக்குத் தகவல் பறந்தது. அடுத்த சில நாட்களில் அது எங்கிருந்து கிளம்பியிருக்கலாம் என்பதையும் விஞ்ஞானிகள் நெருங்கிவிட்டார்கள். ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த அந்தத் துகளின் 'சொந்த ஊர்' எது என்று கண்டுபிடிக்க உதவியவை காமா கதிர் தொலைநோக்கிகள்.

நியூட்ரினோ கருவியும் காமா கதிர் தொலைநோக்கியும் ஏன் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்? இதில் இந்தியாவுக்கு என்ன பங்கு? ராமேஸ்வரம் கடலில் இப்படி ஒரு கருவியை வைக்க முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

நியூட்ரினோ, காமா கதிர்: ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நியூட்ரினோ என்பது மின்சுமை இல்லாத, எடை மிக மிகக் குறைந்த ஓர் அடிப்படைத் துகள். சூரியனிலிருந்து மட்டுமே நம் விரல் நகம் அளவு இடத்தின் வழியாக ஒவ்வொரு விநாடியும் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன. இரவில் பூமிக்கு அந்தப் பக்கம் சூரியன் இருந்தாலும் பூமியைத் துளைத்துக்கொண்டு வந்து நம்மைக் கடந்து போகும். அவை எதனுடனும் மோதுவதே அபூர்வம் என்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

காமா கதிர் என்பது ஒளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடப் பல லட்சம் மடங்கு ஆற்றல் கொண்டது. ஒளியைப் போலவே நேர்கோட்டில் வரும். ஆனால் வழியில் தூசு, வாயு, வேறு ஒளி என்று ஏதாவது குறுக்கே வந்தால் மாட்டிக்கொள்ளும்.

சுருக்கமாகச் சொன்னால், நியூட்ரினோவை யாராலும் தடுக்க முடியாது, ஆனால் பிடிப்பது கஷ்டம். காமா கதிரைப் பிடிப்பது சுலபம், ஆனால் வழியிலேயே தொலைந்துபோக வாய்ப்பு அதிகம்.

தனித்தனியா பார்த்தா என்ன குறை?

1912-ல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி பலூனில் ஏறிப்போய், விண்வெளியிலிருந்து கதிர்வீச்சு வருவதைக் கண்டுபிடித்தார். 'காஸ்மிக் கதிர்கள்' என்று பெயர். இவற்றில் பெரும்பாலானவை புரோட்டான்கள். நூறு ஆண்டுகளைத் தாண்டியும் ஒரு கேள்விக்கு முழு விடை கிடைக்கவில்லை: மிக அதிக ஆற்றல் கொண்ட காஸ்மிக் கதிர்கள் எங்கே உருவாகின்றன?

புரோட்டானுக்கு மின்சுமை உண்டு. அதனால் விண்வெளியில் இருக்கும் காந்தப் புலங்கள் அதன் பாதையை வளைத்துவிடும். நம்மிடம் வந்து சேரும்போது அது எந்தத் திசையிலிருந்து கிளம்பியது என்று சொல்லவே முடியாது.

இங்கேதான் நியூட்ரினோவும் காமா கதிரும் உதவிக்கு வருகின்றன. அதிவேகப் புரோட்டான் வேறொரு துகளிலோ ஒளியிலோ மோதினால் 'பையான்' என்ற துகள்கள் பிறக்கும். மின்சுமை இல்லாத பையான் சிதைந்து காமா கதிராகும். மின்சுமை உள்ள பையான் சிதைந்தால் நியூட்ரினோ வரும். ஆக, புரோட்டான் மோதும் இடத்தில் இரண்டும் ஒன்றாகவே பிறக்கின்றன.

காமா கதிரை மட்டும் பார்த்தால் ஒரு சிக்கல். வேகமாகப் போகும் எலக்ட்ரானும் காமா கதிரை உண்டாக்கும். எனவே காமா கதிர் தெரிகிறது என்பதால் மட்டும் அங்கே புரோட்டான் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நியூட்ரினோ வந்தால் சந்தேகமில்லை, அங்கே புரோட்டான் போன்ற கனமான துகள்கள் வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

நியூட்ரினோவை மட்டும் பார்த்தால் வேறொரு சிக்கல். ஒற்றை நியூட்ரினோ காட்டும் திசை அத்தனை துல்லியமாக இருக்காது. அது சுட்டும் வான்பரப்பில் பல நட்சத்திரக் கூட்டங்கள் இருக்கும். அதோடு, பூமியின் காற்று மண்டலத்தில் காஸ்மிக் கதிர்கள் மோதுவதாலும் நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. வந்தது தொலைதூர விருந்தாளியா, உள்ளூர் ஆளா என்பதே முதலில் குழப்பம்.

அந்த நேரத்தில், அந்தத் திசையில், காமா கதிரில் ஏதாவது வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்ததா என்று பார்த்தால்தான் விடைக்கு அருகில் போக முடியும்.

பிடிக்கிறது எப்படி?

இரண்டு கருவிகளும் பார்ப்பதற்கு வேறு வேறு. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: செரன்கோவ் ஒளி.

தண்ணீரிலும் பனிக்கட்டியிலும் ஒளியின் வேகம் குறையும். மின்சுமை கொண்ட துகள் ஒன்று அந்தக் குறைந்த வேகத்தைவிட வேகமாகப் பாய்ந்தால் நீல ஒளி தெறிக்கும். படகு வேகமாகப் போகும்போது பின்னால் 'வி' வடிவில் அலை விரிகிறதே, அதுபோல இந்த ஒளியும் கூம்பு வடிவில் விரியும்.

தென் துருவத்தில் இருக்கும் ஐஸ்கியூப் கருவியில் 86 கம்பி வடங்கள் பனிக்குள் இறக்கப்பட்டுள்ளன. 1,450 மீட்டரிலிருந்து 2,450 மீட்டர் ஆழம் வரை 5,160 ஒளி உணரிகள். மொத்தம் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டியே இங்கு தொலைநோக்கி. 2010 டிசம்பரில் கட்டுமானம் முடிந்தது.

காமா கதிர் காற்று மண்டலத்தில் நுழைந்ததும் துகள்களின் மழை ஒன்றை உண்டாக்கும். அந்தத் துகள்களும் காற்றில் செரன்கோவ் ஒளியைத் தெறிக்கும். ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில், ஒரு சில பங்கு நேரம்தான் அந்த மினுக்கல் இருக்கும். பெரிய கண்ணாடிகள் கொண்ட தரைத் தொலைநோக்கிகள் அதைப் படம் பிடிக்கின்றன. இதற்கு இருட்டு வேண்டும், வானம் தெளிவாக இருக்க வேண்டும், பார்க்க வேண்டிய இடம் அடிவானத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

விண்வெளியில் சுற்றும் ஃபெர்மி தொலைநோக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. 2008-ல் ஏவப்பட்ட அது சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வானம் முழுவதையும் பார்த்துவிடும். ஆனால் மிக அதிக ஆற்றல் கொண்ட காமா கதிர்களைப் பிடிக்கத் தரைத் தொலைநோக்கிகள்தான் தேவை.

புயல் கூண்டு மாதிரி ஒரு எச்சரிக்கை

பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் ராமநாதபுரம் கடற்கரை முழுக்கச் செய்தி போய்விடும். எத்தனையாம் எண் கூண்டு என்பதைப் பார்த்தே ஆபத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று மீனவர்கள் புரிந்துகொள்வார்கள்.

நியூட்ரினோ எச்சரிக்கையும் ஏறத்தாழ அப்படித்தான். ஐஸ்கியூப் 2016 ஏப்ரல் முதல் இதை வெளியிட்டு வருகிறது. 2019-ல் இருந்து 'தங்கம்', 'வெண்கலம்' என்று இரண்டு தரம் உண்டு. தங்க எச்சரிக்கைகளில் சராசரியாகப் பாதியாவது விண்வெளியிலிருந்து வந்த நியூட்ரினோவாக இருக்கும் என்பது கணக்கு. வெண்கலத்தில் அது சுமார் 30 சதவீதம்.

தென் துருவத்தில் இருக்கும் கணினிகள் பதிவை அலசி, செயற்கைக்கோள் வழியாகத் தகவலை அனுப்பும். நாசா நடத்தும் ஒருங்கிணைப்பு வலையமைப்பு அதை வாங்கி உலகத்துக்கே விநியோகிக்கும். ரகசியம் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்து இந்த எச்சரிக்கைகளைப் பெறலாம். முதலில் வருவது தோராயமான திசை. சில மணி நேரத்தில் திருத்திய, இன்னும் துல்லியமான திசை வரும்.

2017-ல் அந்த இரவு நடந்தது என்ன?

அன்று சிக்கிய நியூட்ரினோவுக்கு 'ஐஸ்கியூப்-170922ஏ' என்று பெயர். சர்வதேச நேரப்படி அது செப்டம்பர் 22 என்பதால் இந்தப் பெயர். அதன் ஆற்றல் சுமார் 290 டெரா எலக்ட்ரான் வோல்ட். அந்தக் காலத்தில் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரிய முடுக்கியில் ஒரு புரோட்டானுக்குக் கிடைத்த ஆற்றலைவிட ஏறக்குறைய 45 மடங்கு.

அது விண்வெளியிலிருந்து வந்திருக்க 56 சதவீத வாய்ப்பு என்று கணக்கிட்டார்கள். கிட்டத்தட்ட பூவா தலையா கதைதான். இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யசுயுகி தனாகா, ஃபெர்மி தொலைநோக்கியின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். நியூட்ரினோ காட்டிய திசையில் 'டிஎக்ஸ்எஸ் 0506+056' என்ற பிளேசார் இருந்தது. பிளேசார் என்பது ராட்சதக் கருந்துளையை மையத்தில் கொண்ட ஒரு நட்சத்திரக் கூட்டம். கருந்துளையிலிருந்து பீய்ச்சியடிக்கும் துகள் தாரை நேராக நம்மை நோக்கி இருந்தால் அதைப் பிளேசார் என்பார்கள். அந்தப் பிளேசார் காமா கதிரில் வழக்கத்தைவிட ஆறு மடங்கு பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 28 அன்று ஃபெர்மி குழு இதை அறிவித்தது.

ஸ்பெயினுக்குச் சொந்தமான லா பால்மா தீவில் இருக்கும் மேஜிக் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. சில இரவுகள் தொடர்ந்து பார்த்ததில், அதே பிளேசாரிலிருந்து மிக அதிக ஆற்றல் கொண்ட காமா கதிர்கள் வருவது உறுதியானது.

2018 ஜூலை 12 அன்று 'சயின்ஸ்' இதழில் முடிவுகள் வெளியாயின. ஐஸ்கியூப் குழு பழைய பதிவுகளையும் கிளறிப் பார்த்தது. 2014 இறுதியிலிருந்து 2015 தொடக்கம் வரை அதே திசையிலிருந்து வழக்கத்தைவிடச் சுமார் 13 நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்திருந்தன.

ஆனாலும் விஞ்ஞானிகள் 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று அடித்துச் சொல்லவில்லை. இரண்டும் தற்செயலாக ஒத்துப்போயிருக்க ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தது. இயற்பியலில் அது 'வலுவான சான்று' என்ற கணக்கில்தான் வரும். கண்டுபிடிப்பு என்று சொல்ல இன்னும் பல மடங்கு உறுதி வேண்டும்.

சரி, ராமேஸ்வரம் எங்க வருது?

மார்கழி, தை மாத இரவுகளில் தனுஷ்கோடி மணலில் நின்று அண்ணாந்து பார்த்தால், வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். ஓரியன் என்ற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டை அது. அதன் ஒரு தோளில் சிவப்பாக மின்னுவது திருவாதிரை. இன்னொரு தோளில் இருக்கும் நட்சத்திரத்திலிருந்து மேற்கே, கையை நீட்டி வைத்தால் இரண்டு மூன்று விரல் அகலத்தில் அந்தப் பிளேசார் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ராமேஸ்வரத்துக்கு அது கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வந்துபோகும்.

தென் துருவத்தில் நிற்பவருக்கு அந்தப் பிளேசார் ஒருபோதும் உதிக்காது. எப்போதும் அடிவானத்துக்குக் கீழேதான். நியூட்ரினோ பூமியின் ஓரத்தைத் துளைத்துக்கொண்டு ஐஸ்கியூபுக்குப் போய்ச் சேர்ந்தது. தகவல் கொடுத்த இடத்திலிருந்து பார்க்கவே முடியாத ஒன்றை, பூமியின் வேறு பகுதியில் இருப்பவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பு என்பது மரியாதைக்கான ஏற்பாடு இல்லை, வேறு வழியே இல்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அந்த 2 மணி 24 நிமிடத்துக்கு உலகத்தின் பெரிய காமா தொலைநோக்கிகள் என்ன நிலையில் இருந்தன? அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் வெரிட்டாஸுக்குப் பட்டப்பகல். லா பால்மாவில் இரவு தொடங்கியிருந்தாலும் பிளேசார் இன்னும் உதிக்கவில்லை. ஆப்பிரிக்காவின் நமீபியாவில் இருக்கும் ஹெஸ் தொலைநோக்கிகளுக்கும் அதே நிலைதான். இந்தியாவில்தான் அது நிலவில்லாத இருட்டில், கிழக்கு வானத்தில் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது.

லடாக்கின் ஹான்லே, ராமேஸ்வரம் இருக்கும் அதே தீர்க்கரேகையில், சுமார் 79 டிகிரி கிழக்கில் இருக்கிறது. இங்கே இரவு என்றால் அங்கேயும் இரவு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 'மேஸ்' என்ற காமா கதிர் தொலைநோக்கியைக் கட்டியது. அதன் கண்ணாடியின் விட்டம் 21 மீட்டர். ஆனால் 2017-ல் அந்தப் பணி முடிந்திருக்கவில்லை. 'ஹகார்' என்ற ஏழு சிறு தொலைநோக்கிகளின் தொகுப்பு மட்டும் அங்கே இருந்தது. மேஸ் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது 2024 அக்டோபர் 4-ல்.

டிஎக்ஸ்எஸ் பிளேசார் பல வாரங்கள் எரிந்ததால் பிற நாட்டுத் தொலைநோக்கிகள் பின்னால் வந்து பார்க்க முடிந்தது. சில மணி நேரத்தில் அணைந்துபோகும் வெடிப்பாக இருந்திருந்தால்? அரிசோனாவும் லா பால்மாவும் விழிக்கும் முன் எல்லாம் முடிந்திருக்கும். இந்தியாவின் இரவு இந்த வேலைக்கு ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே பதில்.

எச்சரிக்கை போகாத நியூட்ரினோ

சேர்ந்து வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சம்பவம் இருக்கிறது.

2023 பிப்ரவரி 13, இந்திய நேரப்படி காலை 6 மணி 46 நிமிடம். இத்தாலியின் சிசிலித் தீவுக்கு அருகே, மத்திய தரைக்கடலின் அடியில் சுமார் 3,450 மீட்டர் ஆழத்தில் இருக்கும் கேஎம்3நெட் கருவியில் ஒரு துகள் பாய்ந்தது. அதை உண்டாக்கிய நியூட்ரினோவின் ஆற்றல் சுமார் 220 பெட்டா எலக்ட்ரான் வோல்ட் என்று கணக்கிடப்பட்டது. டிஎக்ஸ்எஸ் திசையிலிருந்து வந்ததைவிட 700 மடங்குக்கு மேல். அதுவரை மனிதர்கள் பிடித்த நியூட்ரினோக்களிலேயே மிகப் பெரிய ஆற்றல் கொண்டது அதுதான்.

ஆனால் அன்று எந்தத் தொலைநோக்கிக்கும் எச்சரிக்கை போகவில்லை. கேஎம்3நெட் அப்போது பாதிகூடக் கட்டி முடிக்கப்படவில்லை. 230 கம்பி வடங்கள் இருக்க வேண்டிய இடத்தில் 21 மட்டுமே இருந்தன. பல மாதங்கள் கழித்துப் பதிவுகளை அலசியபோதுதான் இப்படி ஒன்று வந்துபோனதே தெரிந்தது. 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் முடிவு வெளியானது.

அது வந்த திசையும் ராமேஸ்வரத்தில் நன்றாகத் தெரியும் இடம்தான். ஓரியனின் மூன்று நட்சத்திரங்களையும், வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ் நட்சத்திரத்தையும் ஒரு கோட்டால் இணைத்தால், அதன் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் வரும். ஆனால் திசையில் சுமார் ஒன்றரை டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். அதாவது ஆறு முழு நிலவுகளை வரிசையாக அடுக்கிய அகலத்துக்கு ஒரு வட்டம். இன்னும் கொஞ்சம் பரவலாகத் தேடியதில் 17 பிளேசார்கள் சந்தேகப் பட்டியலில் வந்தன. இதுதான் என்று எதையும் உறுதியாகக் கை காட்ட முடியவில்லை.

ஃபெர்மி போல எப்போதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொலைநோக்கிகளின் பழைய பதிவுகள் இருந்தன. ஆனால் மேஜிக், ஹெஸ் போன்றவை அந்த நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. மிகப் பெரிய நியூட்ரினோ இன்னும் முகவரி இல்லாமல் நிற்கிறது.

காமா கதிர் வரலைன்னா தோல்வியா?

அப்படியும் இல்லை. வராததும் ஒரு செய்திதான்.

2022 நவம்பரில் ஐஸ்கியூப் இன்னொரு முடிவை வெளியிட்டது. சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் 'என்ஜிசி 1068' என்ற நட்சத்திரக் கூட்டத்தின் திசையிலிருந்து, சுமார் பத்து ஆண்டுப் பதிவுகளில் 79 நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்திருந்தன. டிஎக்ஸ்எஸ்ஸைவிட வலுவான சான்று இது.

ஆனால் அங்கிருந்து அதே அளவுக்கு மிக அதிக ஆற்றல் கொண்ட காமா கதிர் வரவில்லை. அங்கே இருக்கும் ராட்சதக் கருந்துளையைச் சுற்றி அடர்த்தியான வாயுவும் தூசும் ஒளியும் சூழ்ந்திருக்கின்றன. பிறந்த காமா கதிர் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது, நியூட்ரினோ மட்டும் தப்பித்து வருகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

இரண்டும் சேர்ந்து வந்தால், எங்கே நடந்தது என்று தெரியும். நியூட்ரினோ மட்டும் வந்தால், எவ்வளவு மறைவான இடத்தில் நடந்தது என்று தெரியும். இரண்டு பக்கமும் கருவி வைத்துப் பார்த்தால்தான் இந்த வித்தியாசமே புரியும்.

ராமேஸ்வரம் கடல்ல இதை வைக்க முடியுமா?

கடலில் நியூட்ரினோ கருவி வைக்க முடியும் என்றால் நம் கடலில் ஏன் கூடாது என்ற கேள்வி இயல்பானது. முதல் தடை ஆழம்.

ராமேஸ்வரம் மீனவர்கள் 'வடகடல்' என்று சொல்லும் பாக் விரிகுடா மிகவும் ஆழம் குறைந்தது. தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கும் மணல் திட்டுகளைச் சுற்றிப் பல இடங்களில் ஆழம் ஒரு மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரைதான். நியூட்ரினோ கருவிக்குக் கிலோமீட்டர் கணக்கில் தண்ணீர் வேண்டும். மேலே இருக்கும் தண்ணீர்தான் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களை வடிகட்டும் கூரை. கூரை மெலிதாக இருந்தால் மழையாகக் கொட்டும் மியூவான்களுக்கு நடுவில் ஒற்றை நியூட்ரினோவை அடையாளம் காணவே முடியாது. பகல் வெளிச்சமும் அங்கே எட்டக் கூடாது.

'தென்கடல்' எனப்படும் மன்னார் வளைகுடாவில் கரையை விட்டுத் தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரைத் தாண்டிய ஆழம் இருக்கிறது. ஆனால் கேஎம்3நெட் இருக்கும் ஆழத்துக்கு அது ஈடாகாது. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி தேசியக் கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்படுவதும் கணக்கில் வரும்.

கடலுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. இரவில் வலையை இழுக்கும்போதோ படகு கிழித்துப் போகும்போதோ தண்ணீர் நீலமாக மினுங்குவதைக் கடலுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். நுண்ணுயிரிகள் வெளியிடும் ஒளி அது. ஆழ்கடலிலும் ஒளிரும் உயிரினங்கள் உண்டு. உப்பு நீரில் இயற்கையாகவே இருக்கும் பொட்டாசியம்-40 சிதைவதாலும் ஒளி வரும். இந்த வெளிச்சங்களையெல்லாம் கழித்துவிட்டுத்தான் மத்திய தரைக்கடலில் நியூட்ரினோவைத் தேடுகிறார்கள்.

காமா தொலைநோக்கிக்கும் கடற்கரை சரிவராது. ஈரப்பதம் குறைந்த, உயரமான, விளக்கு வெளிச்சம் எட்டாத இடம் வேண்டும். ஹான்லேயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான்.

தேனி நியூட்ரினோ திட்டமும் இதுவும் ஒண்ணா?

இல்லை. தமிழ்நாட்டில் நியூட்ரினோ என்றாலே நினைவுக்கு வருவது தேனி மாவட்டம் பொட்டிப்புரம்தான். அங்கே மலையைக் குடைந்து 50 ஆயிரம் டன் இரும்பு அடுக்குகளால் கருவி அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தன்மையை ஆராய்வதே அதன் நோக்கம். தொலைதூரப் பிளேசாரைத் தேடுவது அதன் வேலை இல்லை.

நியூட்ரினோ தானாக யாருக்கும் தீங்கு செய்யாது. அங்கே எழுந்த எதிர்ப்பு மலையைக் குடைவது, காடு, தண்ணீர், வனவிலங்கு வழித்தடம் பற்றியது. இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதன் சிறிய மாதிரியான 85 டன் 'மினி ஐகால்' மதுரையில் இருக்கிறது.

இந்தத் துறையில் இந்தியா புதிதாக நுழைகிற நாடு இல்லை. கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய சோதனையில், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்கள் பதிவாயின. 1965-ல் வெளியான அந்த முடிவுதான் உலகிலேயே முதலாவது. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் நடந்த சோதனையின் முடிவு அதற்குச் சில நாட்கள் கழித்தே வந்தது. அந்தச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது.

இன்று ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வு மையம் காஸ்மிக் கதிர் மழையைப் பதிவு செய்கிறது. காமா கதிரால் வரும் மழையில் மியூவான் குறைவு, புரோட்டானால் வரும் மழையில் அதிகம். அந்த வித்தியாசத்தை வைத்து அதிக ஆற்றல் காமா கதிரைத் தேடும் வசதி அங்கே உண்டு. அதற்கு இரவு, பகல் கணக்கு கிடையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பின்தொடர காவலூரில் வைணு பாப்பு ஆய்வகம் இருக்கிறது. அதுவும் கிட்டத்தட்ட ராமேஸ்வரம், ஹான்லேயின் தீர்க்கரேகையில்தான்.

திருவாதிரை வெடித்தால் முதலில் யாருக்குத் தெரியும்?

இந்தக் கூட்டு ஏற்பாட்டின் பெரிய பரீட்சை நம் பக்கத்திலேயே ஒரு நட்சத்திரம் வெடிக்கும்போது வரும்.

1987 பிப்ரவரி 23 அன்று பக்கத்துச் சிறு நட்சத்திரக் கூட்டமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. ஜப்பான், அமெரிக்கா, ரஷ்யாவில் இருந்த மூன்று கருவிகளில் சுமார் 25 நியூட்ரினோக்கள் பதிவாயின. வெடிப்பின் ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே அவை வந்துவிட்டன. காரணம், நட்சத்திரத்தின் மையம் சரியும்போதே நியூட்ரினோ வெளியேறிவிடும். ஒளியோ வெளி அடுக்குகளை உடைத்துக்கொண்டு வர வேண்டும். ஆனால் பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் இது தெரிந்தது. உடனடி எச்சரிக்கை அன்று கிடையாது.

அதன் பிறகு உருவானதுதான் 'ஸ்னூஸ்' என்ற சூப்பர்நோவா முன்னெச்சரிக்கை அமைப்பு. ஒரு கருவி மட்டும் அலறினால் அது கோளாறாக இருக்கலாம். பல நாட்டு நியூட்ரினோ கருவிகள் ஒரே நேரத்தில் அலறினால் அது உண்மை என்று எடுத்துக்கொண்டு, தானாகவே தகவல் அனுப்பும்.

திருவாதிரை சுமார் 500 முதல் 700 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 2019 இறுதியில் அது திடீரென்று மங்கியபோது வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பேசியது. வெடிக்கவில்லை. அதற்கு இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகள்கூட ஆகலாம் என்பது மதிப்பீடு. ஆனால் நம் பால்வெளியில் வேறு ஏதாவது ஒரு நட்சத்திரம் எந்த நாளும் வெடிக்கலாம். அப்போது நியூட்ரினோவுக்கும் முதல் ஒளிக்கும் நடுவே கிடைக்கும் சில மணி நேரம் மட்டும்தான் அவகாசம்.

அடுத்து என்ன?

கேஎம்3நெட்டில் புதிய வடங்கள் இறக்கும் பணி நடக்கிறது. ஐஸ்கியூபை எட்டு மடங்கு பெரிதாக்கும் யோசனை இருக்கிறது. லா பால்மாவிலும் சிலியிலும் செரன்கோவ் தொலைநோக்கித் தொகுப்பு என்ற அடுத்த தலைமுறை காமா ஆய்வகம் உருவாகி வருகிறது. நியூட்ரினோ கருவிகள் பெருகினால் எச்சரிக்கைகளும் பெருகும். எந்த எச்சரிக்கைக்குத் தொலைநோக்கியைத் திருப்புவது, எதை விடுவது என்பதே இனி பெரிய கேள்வியாக இருக்கும்.

அதற்கான பதில் ஓரளவு பூமி சுழல்வதில் இருக்கிறது. எச்சரிக்கை வரும் நொடியில் யாருக்கு இரவோ, அவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும். 2017-ல் அந்த நொடி இந்தியாவுக்கு வந்தது, அப்போது பெரிய கண்ணாடி தயாராக இல்லை. அடுத்த முறை 79 டிகிரி தீர்க்கரேகையில் இருட்டாக இருக்கும்போது எச்சரிக்கை வந்தால், ஹான்லேயில் 21 மீட்டர் கண்ணாடி இருக்கிறது. வானம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நம் கையில் இல்லை.